உத்தரவு மெக்கானிக்கும் எங்கள் வீட்டு வண்டியும்

செத்துப்போனவரிடம் கேட்காமல் அவர் வண்டியில் ஒரு நட்டைக்கூடத் தொடாத மெக்கானிக், தென்காசி ஜில்லாவிலேயே ஒரே ஒருத்தர்தான். அவர் பேரு என்னவோ, மேலகரத்தில் யாருக்கும் தெரியாது. 'உத்தரவு' கடை எது என்றால் எல்லாரும் கையைக் காட்டுவார்கள்.

வண்டி வந்ததும் முதல் கேள்வி, ஓட்டினவர் இருக்காரா என்பதுதான். இருந்தால் ஸ்பேனரை எடுப்பார். இல்லையென்றால் செருப்பைக் கழட்டிவிட்டு வண்டிக்கு முன்னால் நின்று, "அண்ணாச்சி, கழட்டட்டுமா?" என்பார். பிறகு காத்திருப்பார். பல்லி கத்தினாலும் பதில், கடையில் டப்பா உருண்டாலும் பதில்.

சிவகிரிக்காரன் ஒருத்தன், அண்ணன் செத்துப்போனான், வண்டியைச் சரிபண்ணி விற்கணும் என்று கொண்டுவந்து விட்டான். உத்தரவு மூன்று நாள் கேட்டும் ஒரு அசைவு இல்லை. "செத்தவங்க இவ்வளவு நேரம் எடுக்க மாட்டாங்களே. எதுக்கும் ஒரு போன் போட்டுப் பாரும்" என்றார். அவன் முழித்த முழியைப் பார்த்து, நம்பரை வாங்கி இவரே போட்டார். துபாயில் அண்ணன்காரன் எடுத்து, "யாருலே அது, டூட்டி நேரத்துல?" என்றானாம்.

இதெல்லாம் நான் சிரித்த கதை. என் வீட்டில் நடந்தது வேறே.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, சித்திரையில் எங்க வீட்டுக்காரர் காலமானார். இருபது வருசம் அவுக ஓட்டின வண்டி முன்வாசலில் நின்றது. உதைச்சுக் கிளப்புகிற கிக்கர் இல்லாத பைக்கு, பட்டன்தான். ஆனியில் குற்றாலத்துச் சாரல் இங்கன விழ ஆரம்பித்ததும், அது தானாகக் 'கர்ர்ர்' என்றது. சாவி உள்ளே ஆணியில் தொங்குது. பக்கத்தில் ஆள் கிடையாது. மத்தியானம் மூணு மணி, அவுக காப்பி கேட்கிற நேரம். போய்ப் பார்த்தால், வண்டிக்கு அடியில் கறுப்பு எண்ணெய் சொட்டி, ஒரே கோடாக வாசற்படியைப் பார்த்து ஊர்ந்து வந்திருந்தது.

நான் பயப்படவில்லை. எங்கள் வம்சத்தில் பயந்தவர் கிடையாது. பட்டாளத்தில் இருக்கிற என் மகன்தான் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நடுங்கினான். "அம்மா, தானா கத்துத வண்டிய வீட்டுல வைக்கக் கூடாது. நான் லீவுக்கு வாரப்ப ஓடலன்னா காயலாங்கடையில போட்டுருவேன்" என்றான். அவன் வர எட்டு நாள் இருந்தது. அவுக சட்டை வேட்டியெல்லாம் கொடுத்தாயிற்று. மிச்சம் அந்த வண்டிதான். அதையும் விட எனக்கு மனசில்லை.

ஆள் விட்டதும் உத்தரவு வந்தார். எண்ணெயை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். பட்டனை அமுக்கினால் வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் இஞ்சினுக்குள் சொருகுகிற வாயில் கசிகிறது, மோட்டாருக்குள்ளேயும் இறங்கியிருக்கும், கழட்டித்தான் பார்க்கணும் என்றார். செருப்பை விட்டார்.

"அண்ணாச்சி, கழட்டட்டுமா?"

கர்ர்ர்.

உத்தரவு செருப்பை மாட்டிக்கொண்டார். "வேண்டாங்காரு ஆச்சி."

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருசத்தில் அவுக எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை, வேண்டாம் சொல்வது என் வேலை என்றேன்.

நாலாம் நாள் பேட்டரியைக் கழட்டித் துவைக்கிற கல்லில் வைத்தார். அது கருமாதிக்கு வந்த மகன் வாங்கிப் போட்டது, அண்ணாச்சியைக் கேட்க வேண்டியதில்லை என்று எனக்கு நியாயம் சொன்னார். சாவி போடுகிற சுவிட்சிலும் ஹாண்டில்பார் சுவிட்சிலும் சாரல் இறங்கித்தான் சாவி இல்லாமலே மோட்டார் தானாகச் சுற்றியிருக்கு, இனிச் சத்தம் வராது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"இது கரண்டுக்கு வைத்தியம் ஆச்சி. உத்தரவு வேற. எனக்குத் தரமாட்டேங்காரு. நீங்க கேளுங்க."

அவுகளிடம் எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம். அவுக போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசினதும் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டி பக்கத்தில் போனேன்.

"மவன் உங்கள காயலாங்கடைக்கு அனுப்புதேங்கான். எனக்கு நீங்க இங்கனயே இருக்கணும். இவரு கழட்டட்டும்."

கொஞ்ச நேரம் ஓட்டுத்தண்ணி சொட்டுகிற சத்தம் மட்டும்தான். பிறகு மெதுவாக, தொண்டையைச் செருமுகிற மாதிரி, ஒரே ஒரு 'கர்ர்'.

உத்தரவு துவைக்கிற கல்லைத் திரும்பிப் பார்த்தார். பேட்டரி அங்கேதான் இருந்தது, ஒயர் இல்லாமல்.

"உங்களுக்கு ஏதும் கேட்டுதா ஆச்சி?"

இல்லை என்றேன். தனக்கும் கேட்கவில்லை என்றார். ஆனால் செருப்பைக் கழட்டி ஓரமாக வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

மோட்டாரை இழுத்ததும் ஒரு மடக்கு கறுப்பு எண்ணெய் கொட்டியது. அதன் கழுத்தில் கிடந்த ரப்பர் வளையம் இறுகிப்போய், தொட்டதும் ஒடிந்தது. உள்ளே மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கிற கார்பன் துண்டு ரெண்டும் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. பெட்ரோலில் கழுவித் துடைத்து, புதுக் கார்பனும் புது வளையமும் போட்டு மாட்டினார். சுவிட்ச் ரெண்டையும் துடைத்து மூடி, பேட்டரியையும் மாட்டினார். மறுநாள் அடியில் விரித்த பேப்பரில் ஒரு சொட்டு இல்லை.

மகன் வந்தான். ஒரு கை தள்ளி நின்றுதான் பட்டனைத் தொட்டான். உடனே பிடித்தது. காயலாங்கடைப் பேச்சை விட்டுவிட்டு, என்னைப் பின்னால் ஏற்றி ஐந்தருவி வரைக்கும் கூட்டிப்போனான்.

உத்தரவை ஊரில் அரைக்கிறுக்கு என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவுக போன நாளிலிருந்து சொந்தபந்தமெல்லாம் அவுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அவுககிட்டயே முதல்ல பேசினது அந்த மனுசன்தான், என்னையும் பேச வைத்தது அவர்தான்.