உக்ரேனுக்கு நான் வழங்கிய வழமையான உறவு

யேசு மரி சூசை துணை
நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்ட்ரியால்
மே 2006

பெருமதிப்புக்குரிய செபமாலை அத்தானுக்கும் என் அன்பு அக்கா றோஸ்மேரிக்கும் மைத்துனன் அருமைராசா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பனிக்காலம் முடிந்த செய்தி என் முழங்காலுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. தொறொன்ரோவில் உங்கள் பிறஷரும் அக்காவின் சீனி வருத்தமும் அடங்கியிருக்கும் என நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். அமெரிக்கா உக்ரேனுக்கு நிரந்தரமாக வழமையான வர்த்தக உறவு கொடுத்த செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். சோவியத் காலத்தில் போட்ட தடைச் சட்டம், சோவியத் உடைந்த பிறகும் உக்ரேனின் கழுத்தில் கிடந்து, வருடா வருடம் "இந்த முறை மட்டும் பரவாயில்லை" என்று தவணை நீட்டி நீட்டி, இந்தப் பங்குனியில்தான் ஒரேயடியாக எடுத்தார்கள். அத்தான், அமெரிக்காவுக்கு முப்பது வருடத்துக்கு மேல் எடுத்த வேலையை உங்கள் மைத்துனன் தனியாளாக, வாஷிங்டன் பக்கமே போகாமல், எங்கள் பின்வளவில் நின்று முடித்திருக்கிறேன்!

பக்கத்து வீட்டு உக்ரேன்காரன் மிக்கோலாவை மறந்திருக்க மாட்டீர்கள். முந்தி ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் எங்களோடு வந்து நின்ற கிழமை, என் மனுசி யோசெப்பின் கருவாடு பொரிக்க, மணம் தாங்கேலாது என்று முறைப்பாடு வந்ததாக இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் வந்து கதவைத் தட்டினாரே. "உந்த உக்ரேன்காரன்தான் சொல்லியிருப்பான். விட்டுக்குடாதை, தம்பி" என்று சோபாவில் சாய்ந்து மீசையைத் தடவியபடி சொன்னது நீங்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று தொடங்கியது தடை. பொதுப்படியில் பனி தள்ளினால் நடுக்கோட்டோடு நிறுத்துவேன். அவனுடைய கார் குளிரில் ஸ்ரார்ட் வராமல் இருமிக்கொண்டு கிடக்க, என்னட்டைப் பற்றரிக் கேபிள் இருந்தும், யன்னல் சீலையை இழுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிச்சன். உயிர்த்த ஞாயிறு அன்று மட்டும் அமெரிக்கா மாதிரி ஒரு தவணை: ஒரு போன்ஜூர் வணக்கம் கொடுப்பேன், திங்கட்கிழமை திருப்பி எடுத்துவிடுவேன்.

இப்படியே போயிருக்கும், ஆனால் ஜூலையில் எங்கட மகள் றொஷினியின்ர கலியாணம். பூசை முடியப் பின்வளவிலைதான் விருந்து, வளவிலை பாதி மிக்கோலாவின்ர. அவன் தராவிட்டால் அரைவாசிச் சனம் றோட்டிலை நிண்டுதான் சாப்பிட வேணும். பிள்ளை அழுதாள், அத்தான். யோசெப்பின் "ஒருக்காப் போய்க் கேளுங்கோவன்" எண்டாள். "நான் போய்க் கேக்கிறதோ? அமெரிக்கா கேட்டதோ? குடுத்தது! நானும் குடுக்கப் போறன்" எண்டு சொல்லி, உயிர்த்த ஞாயிறு காலமை கோட்டும் ரையுமாய், ஒரு தட்டம் நிறைய ஆட்டிறைச்சி றோல்ஸோடை போய்ப் பெல் அடிச்சன். கோயிலாலை வந்த கையோடை, ஏதோ மரக்கொப்பைப் பிடிச்சுக்கொண்டு மிக்கோலா நிக்கிறான். றோல்ஸைப் பாத்தான், என்னைப் பாத்தான், ரெண்டு கையையும் நெஞ்சிலை வைச்சு "நோன், நோன், மெர்சி" எண்டிட்டான். கொண்டுபோன சாப்பாட்டைத் தொடாமல் திருப்பிவிட்டான், அத்தான்! எங்கட சனத்துக்கு இதுக்கு மேலை ஒரு அவமானம் இருக்கோ? நேரே வந்து, உடுப்புக் காயப்போடுற கயிற்றை அவிழ்த்து, வளவுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினன். அந்த றோல்ஸ் முழுக்க நானே தின்று, ரெண்டு நாள் படுத்தன்.

பேந்துதான் அவன்ர மனுசி ஒக்ஸானா வந்து யோசெப்பினுக்கு விளங்கப்படுத்தினவ. அவையின்ர உயிர்ப்புத் திருநாள் இந்த முறை அடுத்த ஞாயிறாம். நான் போன அண்டு அவைக்குக் குருத்து ஞாயிறு. அந்தக் கொப்புத்தான் குருத்தோலை. கடும் ஒருசந்தி நோன்பு, இறைச்சி மணக்கவும் கூடாதாம். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டிறைச்சியைக் கொண்டுபோய் அவன்ர மூக்குக்குக் கீழை பிடிச்சிருக்கிறன்!

அடுத்த ஞாயிறு மிக்கோலா உயரமான பாண், வர்ணம் பூசின முட்டை, சொசேஜ் எல்லாம் சுமந்துகொண்டு, கயிற்றுக்குக் கீழாலை குனிஞ்சு வந்து, என்னைக் கட்டிப்பிடிச்சுக் கன்னத்திலை மூன்று தரம் கொஞ்சினான். யோசெப்பின்கூட எங்கட கலியாணத்தண்டு அப்பிடிக் கொஞ்சேல்லை. கலியாணம் எண்டு ஒக்ஸானா சொன்னவ, வளவு முழுக்க உனக்குத்தான், மேசை கதிரையும் நானே போடுவன் என்றான். பழைய தடையை எடுத்துவிட்டேன் என்று நான் பெருந்தன்மையோடு அறிவித்தேன். அவன் முழித்தான். "என்ன தடை? நீ கூச்ச சுபாவம் உள்ள மனுசன் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சன்" என்றான். தோற்றவன் அப்படித்தான் சொல்லுவான்.

ஆகவே அத்தான், றொஷினியின் ஞானத்தகப்பனாகிய நீங்கள் அக்காவுடன் கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே வந்துவிட வேண்டும். என்னைக் கெட்டியாய் நிற்கச் சொல்லித் தந்த உங்களுக்குத்தான் இந்த வெற்றியில் முதல் பங்கு. மடு மாதா உங்கள் இருவரையும் காப்பாராக.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
அருமைராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக, வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். சமாதானச் செய்தியைப் பெருமையோடு சொன்னேன். "மிக்கோலா ஒரு நாளும் முறையிடவில்லையே! அந்த நத்தாருக்கு உன் வீட்டில் நின்ற மீசைக்காரர்தான் படியில் என்னை மறித்து, உன் குசினியைக் காட்டி மூக்கைப் பொத்தினார்" என்றார். அத்தான், அண்டு அந்தக் கருவாட்டை ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டது ஆர்? உங்களுடனான வழமையான உறவு இன்றோடு நிறுத்தம். கலியாணத்தண்டு மட்டும் ஒரு நாள் தவணை, கட்டாயம் வாங்கோ. மிக்கோலா உங்களுக்குக் கதிரை போடுவான். கருவாடு பொரிக்கிற அடுப்புக்குப் பக்கத்திலை.