மாதாவின் பெட்டியில் என் ஆதார்

லேமினேஷன் மெஷினிலிருந்து வெளியே வரும் பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. பொரிந்த வாசனையும் இல்லை, கருகிய வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே தவிக்கிற ஏதோ ஒன்று. பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டை ஒட்டிய ஜெராக்ஸ் கடையைத் தாண்டும்போதெல்லாம் அது மூக்கில் ஏறும். ஏறியதும் என் காது இரண்டும் சூடாகிவிடும். அவமானம் எனக்கு எப்போதும் காது வழியாகத்தான் வரும்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தொலைக்கிறவன். குடை, கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை, ஒருமுறை ஸ்கூட்டரே. (ஸ்கூட்டர் கிடைத்துவிட்டது. நிறுத்திய இடத்திலேயேதான் நின்றது. நான்தான் ஜீவனஹள்ளியில் நிறுத்திவிட்டு வேறு தெருவில் தேடிக்கொண்டிருந்தேன்.) மரத்திலிருந்து ஒரு பூ உதிர்வதை வைத்து மூன்று பக்கம் எழுதுவேன். எழுதி முடித்துவிட்டு, அதே மரத்தடியில் ஹெல்மெட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இப்படிப்பட்ட ஒருவன் நான்கு பேருடைய அடையாள அட்டைகளுக்குப் பொறுப்பேற்றான் என்றால், அது அவனுடைய தவறா, கொடுத்தவர்களுடைய தவறா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் அக்கா ரோஸி என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தினாள். கரும்பலகையில் வங்காள விரிகுடாவை ஒரே கோட்டில், சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுக்காமல் வரைவாள். ஆனால் அவள் பார்த்த கடல் எல்லாம் வேளாங்கண்ணிக் கரையில் நின்று பார்த்த கடல்தான். அப்பா படுத்த படுக்கையாய்க் கிடந்த பதினோரு வருஷமும் அவள் ஓர் இரவுகூட பெங்களூரை விட்டு வெளியே தங்கியதில்லை. அப்பா போய், அவளும் ரிட்டயர் ஆனபிறகு, என்ன வேண்டும் என்று கேட்டோம். யோசிக்கவேயில்லை.

"சுத்தியும் தண்ணியா இருக்கணும்டா. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையே தெரியக்கூடாது. அது மாதிரி ஒரே ஒரு வாட்டி நிக்கணும்."

சென்னையிலிருந்து அப்படி ஒரு கப்பல் கிளம்புவதாக என் மகள் ஜெனி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை புறப்பட்டு, எந்த ஊருக்கும் போகாமல், நடுக்கடலில் சும்மா நின்று யோசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுகிற கப்பல். (என் வாழ்க்கையைப் பற்றி என் மனைவி ஷீலா வைத்திருக்கும் அபிப்பிராயமும் ஏறக்குறைய இதுதான்.) அக்கா, ஷீலா, ஜெனி, நான். நான்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

உடனே நான் எழுந்து நின்று அறிவித்தேன். "டாக்குமெண்ட் எல்லாம் என் பொறுப்பு."

அக்காவும் ஜெனியும் ஷீலாவைப் பார்த்தார்கள்.

"எதுக்குங்க உங்களுக்குத் தொந்தரவு?" என்றாள் ஷீலா, ரொம்ப மிருதுவாக. அந்த மிருதுவிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். மாறாக எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. 'கடல்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். தினமும் காலையில் ஒரு கட்டளை அனுப்பினேன். 'ஒரிஜினல் ஆதார் மட்டுமே ஏற்கப்படும். ஜெராக்ஸ் செல்லாது. போட்டோ செல்லாது. சாக்குப்போக்கு செல்லாது.' மூன்று பேரும் உடனுக்குடன் கட்டைவிரலை உயர்த்தினார்கள். என் குடும்பம் இவ்வளவு ஒழுங்காக என்னை மதித்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று ஆதாரும் என் கைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, நகையை உரசிப் பார்க்கிறவனைப்போலப் பார்த்தேன். மூன்றும் பளபளவென்று இருந்தன. மூன்றிலும் லேசாக, இதமாக, அந்தச் சூட்டுப் பிளாஸ்டிக் வாசனை. 'அட்டையை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள்' என்று நெகிழ்ந்துபோனேன். என்னுடையதுதான் ஓரம் மடங்கி, மழையில் நனைந்து காய்ந்த பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. நான்கையும் ஒரு பிரவுன் கவரில் போட்டு, பசை தடவி, அதன்மேல் டேப் ஒட்டி, டேப்பின்மேல் இன்னொரு டேப் ஒட்டினேன். திறந்தால்தானே தொலையும்?

அந்தக் கவர், அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த விடைத்தாள் கவர்களில் ஒன்று. வீட்டில் ஒரு கட்டு இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்குப் போகிற பிள்ளை ஹால் டிக்கெட்டையும், வெளியூர் போகிறவர்கள் டிக்கெட்டையும் கொண்டுபோய் கோயிலில் மாதாவின் காலடியில் ஒரு நிமிஷம் வைத்து எடுப்பார்கள். புதன்கிழமை சாயங்காலம் கோயிலில் நவநாள் ஜெபம். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"டேய் லாரன்ஸ், ஆதார் கவரை மாதா காலடியில வெச்சு எடுத்துட்டு வா. அப்புறம் இந்தக் கவரை மன்றாட்டுப் பெட்டியில போட்டுடு. நம்ம அன்பியத்துல எல்லாரும் எழுதிக் குடுத்தது இருக்கு. என்னோடதும் இருக்கு. ஒண்ணு வெச்சு எடுக்கணும், ஒண்ணு போடணும். புரியுதா?"

"அக்கா, எனக்கு நாப்பத்தொன்பது வயசு."

"அதான் கேக்குறேன்."

எங்கள் தெருக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஜெபிக்கிற குழுதான் அன்பியம். அதில் வேண்டுதல்களுக்குப் பஞ்சமே கிடையாது. அந்தக் கவரும் நல்ல கனம். அதுவும் பிரவுன். அதுவும் பசை போட்டு ஒட்டியது. அதிலும் டேப். (அக்காவுக்கும் எனக்கும் ஒரே ரத்தம்.)

கோயிலில் நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன். முழங்கால் போட்டேன். ஆதார் கவரை மாதாவின் காலடியில் வைத்தேன். ஜெபித்தேன். அப்போது பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி, எரிந்து எரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் கண்ணீரிலேயே தன் காலை நனைத்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். எனக்கு ஒரு வரி வந்துவிட்டது. வரி வந்தால் நான் கோயிலிலும் இருக்க மாட்டேன், பூமியிலும் இருக்க மாட்டேன். அந்த வரியை உதட்டில் உருட்டிக்கொண்டே ஒரு கவரைப் பெட்டியில் போட்டேன். ஒரு கவரோடு வீட்டுக்கு வந்தேன். அந்த வரி என்ன என்று இப்போது கேட்டால் ஞாபகம் இல்லை. அதையும் தொலைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை வாடகைக் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் கவர் என் மடியில், என் இரண்டு கைகளுக்கு அடியில் இருந்தது. ஆம்பூரில் டீ குடிக்க இறங்கியபோதும் விடவில்லை. "பாத்ரூமுக்குமா?" என்றாள் ஜெனி. பாத்ரூமுக்கும்தான்.

துறைமுகத்துக் கூடத்தில் நுழைந்தபோது மதியம் இரண்டரை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கப்பல் நின்றது. காக்ஸ் டவுனில் பாதியை எடுத்து, வெள்ளையடித்து, தண்ணீரில் மிதக்கவிட்டது மாதிரி. அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், யாரோ பெரியவர்கள் முன்னால் வந்து நிற்கிற மாதிரி.

கவுண்ட்டரில் வெள்ளைச் சட்டை போட்ட பெண் சிரித்தாள். "ஐடி ஒரிஜினல் குடுங்க சார்."

அந்த வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன்! டேப்பைக் கிழித்தேன். அடுத்த டேப்பைக் கிழித்தேன். கையை விட்டு, கண்ணால்கூடப் பார்க்காமல், ஒரு ஜமீன்தாரின் தோரணையில், வந்ததை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் படித்தாள். நிமிர்ந்தாள். மறுபடி படித்தாள்.

"சார், இதுல 'அன்பான தாயே'ன்னு போட்டிருக்கு."

மடித்த நோட்டுத் தாள். அக்காவின் குண்டு குண்டான கையெழுத்து. அந்தப் பெண்ணுக்கு நல்ல தெளிவான குரல் வேறு.

"'அன்பான தாயே, வெள்ளிக்கிழமை நாங்கள் கப்பல் ஏறுகிறோம். புயல் வேண்டாம். வாந்தி வேண்டாம். எல்லாருடைய ஆதாரும் என் தம்பி லாரன்ஸ் கையில் இருக்கிறது. கப்பல் ஏறும்வரை அவன் எதையும் தொலைக்காமல் பார்த்துக்கொள்ளும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.'"

மாதாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மன்றாட்டு அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. போய்ச் சேர்ந்தது ஆதார்.

கோயில் ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கே கணக்கெழுதுகிற அந்தோணி அண்ணன் எடுத்தார்.

"ஆமா தம்பி, நேத்துப் பெட்டியத் தொறந்தோம். ஒரு ஆதாரு, கூடவே மூணு கலர் ஜெராக்ஸ். ஃபாதர்கூடக் கேட்டாரு, இந்தக் குடும்பத்துக்கு என்ன கஷ்டமோ, எழுத வார்த்தைகூட வரல பாவம்னு. உங்களுக்குன்னு தனியா ஒரு கருத்து வெச்சு பூசையில வேண்டிக்கிட்டோம்."

(இப்போது அந்தப் பெட்டியின்மேல் புதிதாக ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது: 'மன்றாட்டுகள் மட்டும்'.)

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மூணு கலர் ஜெராக்ஸா?

திரும்பினேன். அக்கா கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்னப் பை, அதற்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் அவளுடைய ஆதார். ஒரிஜினல். ஷீலா தன் பெட்டியின் பக்கவாட்டு ஜிப்பிலிருந்து எடுத்தாள். ஒரிஜினல். ஜெனி தன் செல்போன் உறையின் முதுகிலிருந்து எடுத்தாள். "சாரிப்பா."

"மூணு பேரும் சேந்து போயா ஜெராக்ஸ் எடுத்தீங்க?"

"சேந்தெல்லாம் போகல," என்றாள் ஷீலா. "தனித்தனியாத்தான் போனோம். நான் மூணாவதா போனேன். கடைக்காரர்தான் சொன்னாரு, 'உங்க வீட்ல இருந்து காலைலேர்ந்து இதே வேலையா வர்றாங்களே, வீட்டுக்காரருக்கா மேடம்'னு."

கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது! இந்தப் பூமியில் என்னை நம்பி ஓர் அசல் ஆதாரை ஒப்படைத்த ஒரே மனிதன் நான்தான்.

"போன்ல ஆதார் ஆப்ல இருந்தாலும் ஓகே சார்," என்றாள் கவுண்ட்டர் பெண், இரக்கத்தோடு. "நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு."

ஜெனி என் போனைப் பிடுங்கினாள். ஓடிபி எந்த நம்பருக்குப் போகும் என்று பார்த்தாள். நான் ஆறு வருஷத்துக்கு முன்னால் தொலைத்த போனின் நம்பர். அதற்கே போன் போட்டாள். ஹூப்ளியில் ஒரு தோசைக்கடைக்காரர் எடுத்தார். பின்னால் கல் சீறுகிற சத்தம் கேட்டது. ஜெனி கன்னடத்தில் கெஞ்சினாள்: அண்ணா, உங்கள் போனுக்கு இப்போது ஒரு ஓடிபி வரும், கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள், எங்கள் அப்பாவின் ஆதார் அது.

"ஓடிபி யாரிகூ ஹேளபாரதம்மா!" என்று அவர் அதட்டினார். யாருக்கும் சொல்லக்கூடாதாம். "நின்னந்தவரிந்தலே தேஷ ஹாளாகிரோது!" உன்னை மாதிரி ஆட்களால்தான் நாடே கெட்டதாம். வைத்துவிட்டார். சட்டத்தை இவ்வளவு சுத்தமாக மதிக்கிற ஒரு மனிதரிடம் என் நம்பர் இருப்பதை நினைத்து ஒரு பக்கம் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மணி மூன்றரை. பெங்களூரிலிருந்து ஆதார் பறந்து வந்தால்கூட ஆகாது.

அக்கா தன் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "வா, வீட்டுக்குப் போலாம்."

"என்னக்கா பேசற?"

"நீ இல்லாம நான் எங்கடா போறது? தனியா நீ ஊர் போய்ச் சேருவியா? ஷீலா, ஜெனி, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. எனக்கு என்ன, கடல்தானே, அது எங்கயும் போகாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலேயே இருந்தது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பாளே, அதே பார்வை. எனக்குக் காது மட்டுமல்ல, நெஞ்சும் சூடானது. அலங்காரமாகப் பேசுகிறவன் நான். அன்றைக்கு ஒரு அலங்காரமும் வரவில்லை.

"அப்பாவப் பாத்துக்கறேன்னு பதினோரு வருஷம் எங்கயும் போகல. இப்ப என்னப் பாத்துக்கறேன்னு போகாம இருக்கப் போறியா? எந்திரிக்கா. நீ இன்னிக்கு ஏறலன்னா, சாகற வரைக்கும் நான் தொலைச்சதுல இதுதான் பெருசா இருக்கும்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். எழுந்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் கடகடவென்று நடந்தது. ஷீலா என் மாத்திரைகளைக் கையில் திணித்தாள். ஜெனி எனக்கு ரயில் டிக்கெட் போட்டு, அதற்கு எந்த ஐடியைக் காட்டுவது என்று குழம்பி, அதை ரத்துசெய்து, பஸ்சுக்குப் போட்டாள். எலுமிச்சைச் சாதம் வைத்த டப்பா என்னிடம் வந்தது. (கடலில் தின்ன எடுத்துவந்தது. சென்னை பஸ் நிலையத்தில் தின்றேன். நன்றாக இருந்தது.) மூவரும் பாதுகாப்பு வாசலைத் தாண்டினார்கள். ஷீலாவும் ஜெனியும் கையசைத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அக்கா மட்டும் நின்றாள். வரிசையை நிறுத்திவிட்டு, காவலரிடம் ஏதோ சொல்லிவிட்டு, தடுப்புக் கம்பி வரைக்கும் வேகவேகமாகத் திரும்பி வந்தாள். கையை நீட்டி ஒரு சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவளே மூடினாள்.

அப்போது அவள் சொன்னதைத்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். குடை கொடுத்தாலும், கேஸ் புத்தகம் கொடுத்தாலும், போன மாதம் ஜெனியின் கல்யாண மோதிரத்தை அளவு சரிபார்த்து வரச்சொல்லி அனுப்பியபோதும், அச்சு மாறாமல் அதே குரலில்:

"வீட்டுச் சாவி. டூப்ளிகேட்தான், ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. நீ தைரியமா போடா."