மில்லிமீட்டரும் என் மேலுதடும்

மலைக்கோட்டை எவ்வளவு உயரம் என்று கேட்டால் மில்லிமீட்டரில் பதில் சொல்லக்கூடிய மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருச்சிக்காரர் என்பதைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்கிறேன்.

புத்தூரில் ஓர் அலர்ஜி கிளினிக்கில் டெக்னீஷியன். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் வாட்ச்மேன் முதல் டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவர் ‘மில்லிமீட்டர்’தான். உறையூரிலிருந்து சைக்கிளில் வருவார். சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு செலோடேப். எதிர் டீக்கடையில் வடை வாங்கினால் வாயில் வைப்பதற்கு முன் ஸ்கேலை வைப்பார்.

“மாஸ்டர், நேத்தைக்கு இன்னைக்கு நாலு மில்லிமீட்டர் குறையுது.”

“ஓட்டை பெருசாயிருச்சு சார்!”

“ஓட்டையையும் அளந்துட்டேன். அது அப்படியேதான் இருக்கு.”

இந்த மனிதரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மேலுதடு.

போன ஆவணியில் ஸ்ரீரங்கத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணம். ஜம்மென்று தயாராகிப் போயிருந்தேன். பாயசத்தில் முந்திரி தாராளமாக மிதந்தது. நானும் தாராளமாகவே நடந்துகொண்டேன். இலையை மூடிவிட்டு எழுந்தால் மேலுதடு அரிக்கிறது. தாம்பூலப் பை வாங்குவதற்குள் அது வீங்கி, எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தேன். சாட்சிக்கு.

பயந்தவன் சும்மா இருப்பானா? டாக்டரைக்கூடக் கேட்காமல் ஒரு லேபுக்குப் போய், ‘எல்லாத்தையும் பாருங்க’ என்று கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் வந்தது. முந்திரி, வேர்க்கடலை, கோதுமை, பால், கத்திரிக்காய் என்று இருபது பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘லேசாக உண்டு’. அன்றே இருபதையும் விட்டேன். மிச்சம் இருந்தது அரிசிக் கஞ்சியும் உப்பும். மூன்று மாதத்தில் என் பேன்ட்டுகள் எல்லாம் அண்ணனுடையவை போல ஆகிவிட்டன.

என் மனைவி ரிப்போர்ட்டை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, “ஏங்க, என் பேரை விட்டுட்டாங்களே?” என்றாள்.

மகள்தான் சிரிக்கவில்லை. அவளுக்குத் தை மாதம் கல்யாணம். “அப்பா, சம்பந்தி விருந்துல நீங்க மட்டும் டம்ளர்ல கஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காரப் போறீங்களா? நீங்க என் பக்கத்துல உக்காந்து இலை போட்டுச் சாப்பிடலைன்னா நானும் சாப்பிட மாட்டேன். சொல்லிட்டேன்.” சொன்னால் செய்கிற பெண். என் ஜாடை, என் பிடிவாதம். ஆகவே மனைவியோடு புத்தூர்.

டாக்டரம்மா ஆயிரம் கேள்வி கேட்டு அனுப்பிய பிறகு, மில்லிமீட்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். “சார், உங்க ரத்தத்துக்கு முந்திரியைத் தெரியும்னு போட்டிருக்கு. அவ்வளவுதான். தெருவுல தெரிஞ்சவங்க எல்லாம் உங்களுக்கு எதிரியா?”

“எங்க தெருவுல ஆமாங்க.”

அவர் சிரிக்கவில்லை. “தோல்ல குத்திப் பாப்போம். நாளைக்கு வாங்க. அலர்ஜி மாத்திரை ஏதும் ஒரு வாரமாப் போடலையே? போட்டிருந்தா தோல் எந்திரிக்காது.”

“சேச்சே!” என்றேன். அதுவரை அது உண்மை.

மறுநாள் காலை காவேரிப் பாலம் தாண்டும்போது பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. எதை நான்கு மாதமாகக் கண்ணால்கூடப் பார்க்கவில்லையோ, அதை ஊசியில் தொட்டு உடம்பில் குத்தப் போகிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால்? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மருந்துக்கடைக்குப் போய் அலர்ஜி மாத்திரை இரண்டை வாங்கி விழுங்கினேன். பாதுகாப்புக்கு. பரீட்சை எழுதப் போகிறவன் பேனா மூடியைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு போன மாதிரி.

மில்லிமீட்டர் என் முன்கையில் பேனாவால் எண்கள் எழுதினார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு. ஒவ்வொரு சொட்டின் மேலும் கொசு கடித்த மாதிரி ஒரு சின்னக் குத்து. அதற்கே நான் போட்ட சத்தத்தில் வெளியே ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

“முதல் சொட்டு வெறும் உப்புத் தண்ணி. இது தடிக்கக் கூடாது. ரெண்டாவது ஹிஸ்டமின். இது யாரா இருந்தாலும் தடிச்சே ஆகணும். மத்தவங்க எல்லாம் இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல. பதினஞ்சு நிமிஷம். சொறியாதீங்க, ஊதாதீங்க, உத்துப் பாக்காதீங்க.”

பதினைந்து நிமிடம் கழித்து ஸ்கேலோடு வந்தார். என் கை, நேற்றுப் பூசிய சுவர் மாதிரி வழுவழுவென்று இருந்தது. எனக்கோ ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல!”

அவர் ரெண்டாம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். அவர் முன்கையில் வட்டமாக ஒரு தடிப்பு. “புது பாட்டில் திறந்தா முதல்ல என் கையிலதான் போட்டுப் பாப்பேன். அஞ்சு மில்லிமீட்டர். மருந்து சரியா இருக்கு. உங்க கைதான் பொய் சொல்லுது. எத்தனை மாத்திரை சார்?”

“...ரெண்டு.”

“எப்ப?”

“சத்திரத்துல.”

திருட்டு மாங்காய் அடித்துப் பிடிபட்டவன் மாதிரி நின்றேன். அவர் திட்டவில்லை. என் கையைப் பஞ்சால் துடைத்துவிட்டு, “பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்றார். அது எனக்குத் திட்டைவிட வலித்தது.

அடுத்த வாரம் ரெண்டாம் நம்பர் ஒழுங்காக எழுந்து நின்றது. முந்திரி ஒன்றரை. “மூணு தொட்டாதான் கணக்கு” என்றார். வேர்க்கடலை, கோதுமை, கத்திரிக்காய் எல்லாம் படுத்தே கிடந்தன. ஒன்று மட்டும் ஏழு மில்லிமீட்டர்: வீட்டுத் தூசியில் இருக்கும் பூச்சி. காலை எழுந்ததும் நான் போடும் இருபது தும்மலுக்கு அதுதான் காரணமாம்.

கூட வந்திருந்த என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். “எங்க வீட்ல தூசியா?”

“அம்மா, அது எல்லா வீட்டு மெத்தையிலயும் இருக்கும். எங்க வீட்லயும் இருக்கு” என்று மில்லிமீட்டர் அவசரமாகச் சொன்னார். அவர் ஸ்கேல் இல்லாமல் பேசிய ஒரே வாக்கியம் அது.

தடிப்புகளைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, மேலே செலோடேப்பை ஒட்டி எடுத்து, நோட்டில் ஒட்டினார். அந்த நோட்டில் பாதித் திருச்சியின் முன்கை இருக்கிறது.

தோல் தேர்ச்சி கொடுத்தாலும், உதடு வீங்கிய ஆள் என்பதால் டாக்டரம்மா, “எங்க கண் முன்னாடியே சாப்பிட வெச்சுப் பாத்துடலாம்” என்றார். இரண்டு நாள். ஒரு நாள் மசித்த வாழைப்பழத்தில் முந்திரி அரைத்துக் கலந்திருக்கும். ஒரு நாள் வெறும் பழம். எந்த நாள் எது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். துளியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஏதாவது ஆனால் போட ஊசிமருந்து பக்கத்திலேயே தயார்.

முதல் நாள் முதல் ஸ்பூன். ஐந்தாவது நிமிடம் தொண்டை அடைத்தது. காது சூடாகியது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பீரோ சாவி காலண்டருக்குப் பின்னாடி இருக்கு” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். நீங்க உக்காருங்க” என்றாள்.

டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், “எல்லாம் நல்லா இருக்கு, அடுத்த ஸ்பூன்” என்றார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் நான் கண்ணீரோடு விடைபெற்றேன்.

இரண்டாம் நாள் ஒன்றுமே இல்லை. மில்லிமீட்டரிடம் அரசியல் பேசிக்கொண்டே கிண்ணத்தை வழித்தேன். “இன்னைக்கு வெறும் பழம்தானே? நாக்குலயே தெரிஞ்சுபோச்சு!”

“நேத்துதான் சார் வெறும் பழம். இன்னைக்கு ஒரு கைப்பிடி முந்திரி சாப்பிட்டிருக்கீங்க.”

அறையில் சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

அதோடு அனுப்பியிருக்கலாம். மில்லிமீட்டர் விடவில்லை. “அப்ப உதடு ஏன் வீங்குச்சு?” என்று செல்போன் படத்தை வாங்கி, பெரிதாக்கி, அதன் மேல் ஸ்கேலை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“சார், வீக்கம் மீசையோட ஓரத்துல பார்டர் போட்ட மாதிரி நிக்குது. முந்திரின்னா கீழ் உதட்டை மட்டும் எதுக்கு விடணும்? அப்புறம்...” என் முகத்தைப் பார்த்தார். “போட்டோல மீசை கறுப்பு. இன்னைக்கு வெள்ளை.”

மனைவி மெதுவாகத் திரும்பினாள். “ஏங்க, டாக்டரம்மா அன்னைக்கே கேட்டாங்கள்ல, புதுசா ஏதாவது பூசினீங்களான்னு?”

அந்த ஆவணிக் கல்யாணத்துக்கு முந்தின நாள் பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு மீசைக்கு மட்டும் சாயம் பூசிய ரகசியம், நான்கு மாதம் கழித்து இப்படிப் புத்தூரில் வெளியானது.

சாயத்துக்கு வேறு பரீட்சை. முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களாக மருந்து வைத்து ஒட்டிவிட்டார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. தலைக்கு ஊற்றாமல் காபிகூடக் குடிக்காத ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இது முந்திரியைவிடப் பெரிய சோதனை. கட்டங்களைப் பிரித்துப் பார்த்தபோது சாயக் கட்டம் மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது. மில்லிமீட்டர் ஸ்கேலை எடுத்தார். பெருமூச்சு விட்டு உள்ளே வைத்தார். “இதுக்கு அளவு கிடையாது சார். பிளஸ் போடுறதுதான்.” இரண்டு பிளஸ் போட்டார். மனசே இல்லாமல்.

தை மாதக் கல்யாணத்தில் நான் வெள்ளை மீசையோடு நின்றேன். சம்பந்தி விருந்தில் மகள் பக்கத்தில் எனக்கு இலை. எதிர் வரிசையில், சலவைச் சட்டையில் மில்லிமீட்டர். பாயசம் வந்தது. முந்திரி மிதந்தது. மகள் என்னையே பார்த்தாள். ஊரறிந்த வீரனான நான், பரீட்சையில் தேறிய பிறகும், ஒரு கணம் நடுங்கிவிட்டுத்தான் குடித்தேன். அவள் சிரித்துவிட்டுத் தன் இலைக்குக் குனிந்தாள்.

ரசம் முடிந்து மோருக்கு வந்தபோதுதான் எதிரே கவனித்தேன். மில்லிமீட்டர் இலையில் கை வைக்கவே இல்லை. ஒரு கண் என் மேலுதட்டில், ஒரு கண் வாட்சில்.

“என்ன சார், சாப்பிடலையா?”

“இருபது நிமிஷம் ஆகட்டும்னு பாத்தேன் சார். ஆயிருச்சு.”

சொல்லிவிட்டு, ஆறிப்போன சாம்பார் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார்.