நெட்டைக்கால் குருவியும் கண்ணகையின் முழங்காலும்

என் பெண்சாதி கண்ணகைக்கு உண்மை தெரியவே கூடாது என்று, 2010 தை மாதம், ஒரு பெரிய முடிவு எடுத்தேன். பொய்யில் மண்டூர் தொடங்கி வெல்லாவெளி வரை என்னை வெல்ல ஆள் இல்லை. இறால் இழுத்துத் தோணி கவிழ்ந்த கதையை நான் சொன்னபோது, அந்த இறாலைத் தாங்களும் கண்டதாக நாலு பேர் சத்தியம் செய்தார்கள்.

தோணியைக் கொண்டு போனது சுனாமி. மகன் உதயரூபனைக் கொண்டு போனது சண்டை. அவனோடு சண்டையில் நின்று, முகாமிலிருந்து விடுபட்டு வந்த சுதாகரன் வாவிக்கரையில் என்னைக் கண்டு, "மாமா, உதயரூபனை நான்தான் புதைச்சன்" என்றான்.

கண்ணகைக்கு நான் குருவிக் கதை சொன்னேன்.

"இஞ்ச பார் புள்ள, சேத்தில நிக்கிற நெட்டைக்கால் குருவிக்கு ஊரெண்டு ஒண்டில்ல. வாவி வத்தினா உன்னிச்சைக் குளத்துக்குப் போகும். அங்கயும் வத்தினா கடல் தாண்டும். ஒருநாள் கிறுகி வரும். மகனும் அப்பிடித்தான்."

"அந்தக் காலை வச்சுக் கடலை எப்பிடித் தாண்டும்?"

"கப்பல்ல குந்திப் போகும்."

"ரிக்கற்?"

"காலைக் காட்டினா, பாவமெண்டு விட்டிருவானுகள்."

"ஓம், வரும்" என்றாள். நம்பிவிட்டாள்!

அழுவதற்கு நான் வாவிக்குப் போவேன். குருவி பார்க்க என்று பெயர். முழங்காலளவு தண்ணீரில் நிற்பேன். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் என்ன என்று தோன்றும். சரியாக அந்த நேரம் கரையில் சத்தம் கேட்கும்.

"இஞ்சருங்க! முழங்கால் கழண்டு போச்சு! ஓடி வாங்க!"

நொண்டிக்கொண்டு நிற்பாள். தோள் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தேய்ப்பேன். இப்படியே மூன்று வருஷம்.

போன ஆனியில், காய்ந்த சேற்றில் ஒரு நெட்டைக்கால் குருவி செட்டையை இழுத்து இழுத்து நொண்டியது. பாவமென்று பின்னால் போனேன். நூறு யார் நடத்திவிட்டு, ஜம்மென்று பறந்தது! திரும்பி வந்து பார்த்தால், முதலில் நான் நின்ற இடத்தில் நாலு முட்டை.

வீட்டுக்கு ஓடினேன்.

"முட்டையிலயிருந்து என்னை விலத்தத்தான் புள்ள அது நொண்டியிருக்கு! என்னையே ஏமாத்திப் போட்டுது!"

கண்ணகை சிரிக்கவில்லை.

"சுதாகரன் முதல்ல என்னட்டத்தான் வந்தவன். உங்களிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. அவனை உங்களிட்ட அனுப்பினதே நான்தான். மறுகா நீங்க தண்ணிக்குள்ள இறங்கத் தொடங்கிட்டீங்க. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

சொல்லிவிட்டு எழுந்து, விறுவிறென்று குசினிக்குள் போனாள்.

மூன்று வருஷம் எண்ணெய் தேய்த்திருக்கிறேன். சில நாள் வலது காலுக்கு, சில நாள் இடது காலுக்கு. ஏனென்று ஒருநாளாவது கேட்கத் தோன்றவில்லை.