நட்சத்திர நாற்காலி

தெருவே சேர்ந்து அவருக்கு வைத்த பேர் பட்டாசு. பழைய மரச்சாமான் வாங்கி விற்பவர். யார் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். எதிராளி "ஒண்ணு" என்றால் "ரெண்டு" என்பார். "சரி, ரெண்டு" என்றால், இதில் ஏதோ சூது இருக்கிறதென்று மூன்றுக்குத் தாவுவார். கைவண்டி தள்ளிய ஆள் கடை போட்டது இந்தக் குணத்தால்தான்.

அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டில் ஒரு நெருக்கடி. ஹால் ஜன்னலோரம் அவருடைய சாய்வு நாற்காலி. அதில் வாயைப் பிளந்து தூங்கினால்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. வெளிச்சமான இடம், அங்கேதான் தையல் மெஷினைப் போடணும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

"நாற்காலியை அசைக்க முடியாது. பிள்ளைங்க படிப்புக்கு வேணும்."

"குறட்டை விடறது எந்தப் பாடத்துல வருதாம்?"

"வெளிக்கிரகம்! நம்ம சூரியனை விட்டுட்டு வேற நட்சத்திரத்தைச் சுத்துதே, அந்தக் கிரகம். மகளும் அவ தோழிகளும் கேட்டாங்க, சொல்லித் தரப்போறேன். நாற்காலிதான் நட்சத்திரம். நட்சத்திரத்தை யாராவது நகத்துவாங்களா?"

மகளின் பாடப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்திருந்த தைரியம்!

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கூடினார்கள். நாற்காலிமேல் விளக்கை வைத்தார். கையில் ஒரு சின்னப் பந்து.

"அந்தக் கிரகம் சுலபமாக் கண்ணுல படாது. நட்சத்திரத்துக்குக் குறுக்கே போறப்ப வெளிச்சம் துளி மங்கும். அதை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க."

"நட்சத்திரம் இவ்வளவு கிட்டவா இருக்கும்? மூக்கை இடிக்குதே!" என்றாள் மனைவி.

"கிட்டவா? ரொம்பப் பக்கத்து நட்சத்திரத்து வெளிச்சம் இங்க வரவே நாலு வருஷத்துக்கு மேல ஆகும்!"

"அப்ப அந்த மூலைக்குத் தள்ளினா போதும்."

"மூலையா? நான் வானத்தைப் பத்திப் பேசறேன்!"

"சரி, வராந்தா. அதுக்கு மேல கேக்காதீங்க."

"கேப்பேன். வாசல்!"

"ஐயையோ, வேண்டாங்க. அவ்வளவு தூரம் எதுக்கு?"

திரியில் நெருப்பு பட்டுவிட்டது.

"வாசலும் இல்ல, எதிர்ச்சாரியில என் கடை! அங்கதான் வைப்பேன். யார் தடுக்கறாங்கன்னு பாத்துடறேன்!"

யாரும் தடுக்கவில்லை. நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தெருவைக் கடந்தார். இருட்டுக் கடைக்குள் விளக்கை ஏற்றி, அதன் முன்னால் பந்தை மெல்ல நகர்த்தினார்.

"மங்குது! மங்குது!" என்று ஜன்னலில் பிள்ளைகள் குதித்தார்கள்.

"அப்பா, அங்க ஆளுங்க இருப்பாங்களா?" என்று கத்தினாள் மகள்.

"தெரியாதும்மா! இருந்தா, என்கிட்ட பேரம் பேசிப் பாக்கச் சொல்லு!"

வேர்க்க விறுவிறுக்க, வெற்றி வீரராக வீடு திரும்பினார். ஜன்னலோரம் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என் இடம்?"

"வேண்டாம் வேண்டாம்னு எவ்வளவு கெஞ்சினேன்! இத்தனை பிள்ளைங்க சாட்சி."

சாட்சிகள் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள்.

"மெஷினை எடு! இப்பவே நாற்காலியைக் கொண்டு வரேன்!"

"எடுக்கறேங்க. இந்தக் கை ஊசியில நூல் மட்டும் கோத்துட்டா கையில இருக்கற வேலை முடிஞ்சிடும். உங்ககிட்ட கொடுக்கலாம்தான்... பாவம், உங்க கண்ணுக்கு இதெல்லாம் ஆகாது. விடுங்க."

"யார் கண்ணுக்கு ஆகாது?"

ஊசியைப் பிடுங்கினார். பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். விளக்கு வைக்கிற நேரம்வரை, நூல் தீரத் தீரக் கோத்துக் கொடுத்தார்.