நாலாவது மாடியும் மூன்று தலைவர்களும்

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே அனைவரும் நலமென்று நம்பி எங்கள் நிலவரத்தை எழுதுகிறேன். வியாழக்கிழமை அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. லிஃப்ட் நின்று ஐந்து வாரமாகிறது. அந்த முழங்கால் வலியோடு அவரால் நாலு மாடி இறங்க முடியாது. எல்லாம் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவரால் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். யோசித்தால், எங்களால்தான்.

மூன்று வருடம் முன்பு இரண்டு பைக் திருட்டுப் போயின, எல்லாருக்கும் பயம், ஆகவே ஓய்வுபெற்ற ராணுவக்காரரைத் தலைவராக்கினோம். அவர் எல்லாக் கதவுக்கும் பூட்டுப் போட்டார், நாங்கள் கை தட்டினோம், ஒருநாள் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன எதிர்வீட்டு டீச்சரையும் சேர்த்துப் பூட்டிவிட்டார். பயம் போய் அலுப்பு வந்தது. யாரையும் தொந்தரவு செய்யாத ஆளாகத் தேடி, தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்பும் இன்சூரன்ஸ்காரரைப் பிடித்தோம். லிஃப்ட் முனகுகிறது என்று புகார் போனபோது அதற்கும் ஒரு பூ வந்தது. லிஃப்ட் நின்றதும் கோபம். கோபத்துக்கென்றே இரண்டாவது மாடியில் ஒருவர் இருக்கிறார், பட்டப்பெயர் 'வெடி'. பதவிக்கு வந்த அன்றே அவர் திட்டிய திட்டில், லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை.

அப்பா டிவியில் தேர்தல் செய்தி பார்த்தபடி, "நாட்டுலயும் இதேதாம்மா. ஜனங்க தங்களுக்கு வந்த காய்ச்சலைத்தான் ஜெயிக்க வைக்கிறாங்க. அப்புறம் உடம்பு சுடுதேன்னு அதையே திட்டுறாங்க" என்கிறார். சங்கத் தலைவர் பதவிக்கு என்னை நிற்கச் சொல்கிறார். நான் இந்தக் கூத்தில் ஓட்டே போடுவதில்லை, போடப்போவதுமில்லை.

உனக்கும் உன் மனைவிக்கும் என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தச் சங்கத்திலும் சேராமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவசரக் கூட்டம் ஒன்று நடந்துவிட்டது. வெடியின் சத்தத்தில் எல்லாரும் களைத்திருந்தார்கள். அடுத்து யார் என்றபோது ஒருவரும் பேசவில்லை, நானும் வழக்கம்போல். டீச்சர் மட்டும், "அக்காவே இருக்கட்டும். பேசவே மாட்டாங்க, அது போதும்" என்றார். கைகளை எண்ணினார்கள். அதில் ஒன்று என்னுடையது.

இன்று மெக்கானிக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று தெரியாததால் ஒன்றும் சொல்லவில்லை. கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரிம்மா, நாளைக் காலையில வந்துடறேன். இப்படிப் பாக்காதீங்க" என்றார். அப்பாவுக்குத்தான் கவலை. என்னைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு ஜனங்கள் ஓய்ந்துபோய்விட்டார்களா என்று கேட்கிறார்.