எல்லாம் பாடமயம்

கோயம்புத்தூரில் இப்போது ஒரு புதுவகை அப்பா பெருகி வருகிறார். அவரை அடையாளம் காண்பது எளிது. பூங்காவிலோ சந்தையிலோ ரயில்வே கேட்டிலோ ஒரு குழந்தை வாயைப் பிளந்துகொண்டு எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால், அதன் காதருகே குனிந்து, "இது ஏன் இப்படி இருக்குது, சொல்லு பார்க்கலாம்?" என்று கேட்கிறாரே, அவர்தான். குழந்தை பார்ப்பதை விட்டுவிட்டு யோசிக்க ஆரம்பிக்கும். யோசித்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டிருக்கும்.

இவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதில்லை. பள்ளிக்கூடம்தான் வீட்டுக்கு வந்துவிட்டது. தோசை வார்த்தால் பின்னம். குக்கர் கூவினால் நீராவியின் அழுத்தம். தண்ணீர் லாரி வந்தால் குடிமையியல். பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருப்பது வரலாறு. அன்னூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், வரிசைக்கு முப்பது இலை, எட்டு வரிசை, இலைக்கு நூற்றைம்பது மில்லி பாயசம், ஆக எத்தனை லிட்டர் என்று கேட்பார். பிள்ளை கண்ணை மூடிக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பாயச வாளி அந்த இலையைத் தாண்டிப் போயிருக்கும். விடை மட்டும் சரியாக வரும். முப்பத்தாறு லிட்டர்.

இவரைக் கெட்டவர் என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லை. வடவள்ளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு நேர் மேல்வீட்டில் இருக்கும் கிருபாசங்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவர். மனைவி ஹாரிகா பல் டாக்டர். ஒரே மகள் ரித்திகா, ஒன்பது வயது. இரண்டாம் வகுப்புப் பரீட்சையில் 'மழை எங்கிருந்து வருகிறது?' என்ற கேள்விக்கு அவள் 'மருதமலைப் பக்கத்திலிருந்து' என்று எழுத, டீச்சர் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டார். வடவள்ளியில் மழை வேறு எங்கிருந்து வருமாம்? கிருபாசங்கர் அந்தத் தாளோடு கீழே வந்து, "கண்ணால பார்த்ததை எழுதுனா தப்புங்களா?" என்று என்னிடம் கேட்டார். அந்த வாரமே மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். அன்றைக்கு நான் அவர் கட்சி. இன்றைக்கும் அவர் கட்சிதான்.

என்ன ஒன்று, அன்றிலிருந்து அந்தக் குழந்தை எதையும் சும்மா பார்த்ததில்லை.

போன மார்ச் மாதத்துப் பாடம், மஞ்சள். அதற்காக ஈரோட்டு மண்டியை நேரில் பார்க்க அப்பாவும் மகளும் ரயிலேறினார்கள். எனக்கும் என் துணிக்கடைக்குப் பெட்ஷீட் எடுக்க வேண்டியிருந்ததால் சேர்ந்துகொண்டேன். தலைப்புக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ரித்திகாவுக்கு மஞ்சள் டீசர்ட் போட்டுவிட்டிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை திருப்பூர் வருவதற்குள் பதினான்கு கேள்விகளுக்குப் பதில் சொன்னது. டீக்காரர் வந்தபோது, கப் ஏன் மேலே குறைவாகச் சுடுகிறது, அடியில் ஏன் அதிகம் சுடுகிறது என்று ஒரு கேள்வி வந்தது. டீக்காரர் பதில் தெரியாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

மண்டியில் எனக்குத் தெரிந்த வியாபாரி ரசாக். முப்பது வருடமாக மஞ்சளில் இருப்பவர். குழந்தைக்குக் காட்டுவதற்காக விரல்போல் நீண்ட ஒரு விரலி மஞ்சளை எடுத்துப் பட்டென்று ஒடித்து, உள்ளே இருந்த நிறத்தைக் காட்டினார். "பாரு அம்மணி, எப்படி இருக்குது!" என்றார். அதற்குமேல் பேச அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த நிறத்துக்குக் காரணமான பொருள் எது, அது எத்தனை சதவீதம் இருக்க வேண்டும், வேகவைக்கும்போது என்ன ஆகிறது என்று கிருபாசங்கர் ஆரம்பித்துவிட்டார்.

"அப்படிங்களா?" என்றார் ரசாக், மிகவும் மரியாதையாக. "இத்தனை வருசமாத் தெரியாமயே வித்துப்போட்டனுங்களே!"

கிருபாசங்கர் இன்னும் உற்சாகமாகிப் பத்து நிமிடம் பேசினார். பிறகு, "சரி ரித்தி, இப்ப நீ சொல்லு" என்று திரும்பினார்.

குழந்தையைக் காணோம்.

முதலில் கூப்பிட்டார். பிறகு கத்தினார். லாரிகள் பின்னால் வந்துகொண்டிருந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். "என்ன கலர்ச் சட்டைங்க?" என்று ஒருவர் கேட்டார். "மஞ்சள்" என்றார் கிருபாசங்கர். மஞ்சள் மண்டியில், மஞ்சள் தூசி பறக்கும் கிடங்குகளுக்கு நடுவில், மஞ்சள் மூட்டைகளுக்கு இடையில் ஒரு மஞ்சள் சட்டையை நாங்கள் நான்கு பேர் தேடினோம். "கழுத்துல ஐடி கார்டு இருக்குதுங்களா? எந்த ஸ்கூலுங்க?" என்றார் வாசல் காவலாளி. எதற்கும் நாலு பக்கம் பதில் வைத்திருக்கும் மனிதர், அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அதைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

நாற்பது நிமிடம் கழித்து ரசாக்கின் ஆள் வந்து கூப்பிட்டான். இரண்டு கிடங்கு தள்ளி, பின்கட்டில், மஞ்சள் குவியலின் முன்னால் ரித்திகா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாமியாத்தாள் என்ற பெண் விரலியையும் உருண்டைக் கிழங்கையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். குழந்தையும் பிரித்துக்கொண்டிருந்தது. இருவரும் பேசவில்லை.

"யாரு ஊட்டுப் பிள்ளைன்னு கேக்கக்கூடாதுங்களா?" என்று ரசாக் சத்தம் போட்டார்.

"ஆரோ யாவாரி ஊட்டுப் புள்ளைன்னு நெனச்சுப்போட்டனுங்க" என்றார் சாமியாத்தாள். "அது வந்து உக்காந்துச்சு, அதுபாட்டுக்குப் பொறுக்குச்சு. நானும் ஒண்ணுங் கேக்கலீங்க, அதும் ஒண்ணுஞ் சொல்லலீங்க."

கிருபாசங்கர் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டார். "ஏன் கண்ணு சொல்லாம வந்தே?"

"சும்மாதானுங்கப்பா."

"இங்க என்ன பண்ணீட்டிருந்தே?"

"சும்மா."

அந்தச் சொல் அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் சோமனூர் வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. சோமனூரில் திறந்தார். "தொலைஞ்சுபோனா முதல்ல என்ன செய்யணும், சொல்லு பார்க்கலாம்?" என்றார். குழந்தை ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. தூங்கவில்லை. இமை ஆடியது.

மறுநாள் காலை, ரயிலில் என் பையோடு வந்துவிட்ட ரித்திகாவின் தொப்பியைக் கொடுக்க மேலே போனேன். மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தாள். எதிர்வீட்டுச் சிறுமி யுஸ்ரா பள்ளிக்கூடத்துக்கு எழுதும் லீவுக் கடிதத்தைப் பார்த்து ரித்திகா எழுதியதாம்.

'அன்புள்ள அப்பாவுக்கு, ரித்திகா எழுதிக்கொள்வது. எனக்கு இன்று ஒருநாள் லீவு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. வயிற்றுவலி இல்லை. உறவினர் திருமணமும் இல்லை. சும்மா. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மகள்.'

கிருபாசங்கர் இரண்டு தடவை படித்தார். பிறகு, நான் சத்தியமாகப் பார்த்தேன், பேனாவை எடுத்து 'லீவு' என்பதை அடித்து 'விடுமுறை' என்று திருத்தப் போனார்.

ஹாரிகா பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் நாலு மணிக்காச்சும் பெல் அடிக்குதுங்க. இவளுக்கு எப்பங்க அடிக்கும்?"

ரித்திகா மேஜைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கிருபாசங்கர் முகம் சிவந்தது. கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, மகளிடம் நீட்டினார். அவள் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவருக்கு மனசு மாறுவதற்குள் படியிறங்கி ஓடிவிட்டாள்.

அந்த லீவு நாளை அவர் என் வீட்டு வராந்தாவில் கழித்தார். கீழே ரித்திகா காம்பவுண்டுச் சுவரோரம் குப்புறப் படுத்துக்கொண்டு எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்பு அவருக்கு மிகவும் பிடித்த பாடம். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அதுங்க வாசனையை வெச்சுத்தானுங்க வழி கண்டுபிடிக்குது. யாராச்சும் அவகிட்டச் சொல்ல வேண்டாமுங்களா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். வேண்டாம் என்றேன். ஆகவே இரண்டு மணி நேரம் எனக்குச் சொன்னார். எறும்பைப் பற்றி இனி என்னிடம் எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

பதினொரு மணிக்குக் கீழிருந்து குரல் வந்தது. "அப்பா! எறும்புக்கெல்லாம் லீவு உண்டுங்களா?"

அவருக்குப் பதில் தெரியும். பத்து நிமிடத்துக்கு முன்புதான் எனக்குச் சொல்லியிருந்தார். மூச்சை இழுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"தெரியலையே கண்ணு" என்றார்.

"அப்ப வந்து பாருங்க. ஆனா பேசக்கூடாது."

இறங்கிப் போனார். வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அவர் வாய் திறந்ததும், அவள் பார்வையை எடுக்காமலே கையை நீட்டி அதை மூடினாள். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நல்ல சிரிப்பு.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை காலை, வீட்டிலேயே கல்வி கற்பிக்கும் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் அவர் ஒரு செய்தி போட்டிருந்தார். தலைப்பு: 'சும்மா இருத்தல்: ஒரு செயல்முறைப் பயிற்சி.' இருபத்தொரு குறிப்புகள். கடைசியில், குழந்தை சரியாகச் சும்மா இருந்ததா என்று மதிப்பிட ஒரு அட்டவணை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை. இருக்கட்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மொட்டை மாடியில் மயில் வந்து உட்கார்ந்ததே, அது தோகையை விரிக்கப் போன நேரத்தில் பிள்ளையின் தோளைத் தட்டி, "நம்ம தேசியப் பறவை எது?" என்று கேட்டது யார்?